கரப்பானும் கைக்குழந்தையும்

போன மார்கழியில் ஒரு புதன்கிழமை லஸ் முனையில் டிராம் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு பெரிய மனிதர்: சரிகைத் தலைப்பாகை, மடிப்புக் கலையாத அங்கவஸ்திரம், வெள்ளிப் பூண் போட்ட தடி. முகத்தைப் பார்த்தால் நல்லவராகத்தான் தெரிந்தார்.

டிக்கெட் வாங்கக் கையை நீட்டினேன். அவர் பார்வை என் விரல்களின் மேல் விழுந்தது. விழுந்த பார்வை அங்கேயே நின்றுவிட்டது. பிறகு மெல்ல, என் மனம் நோகக்கூடாதே என்ற ஜாக்கிரதையோடு, அங்கவஸ்திரத்தை இழுத்துத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். அடுத்த நிறுத்தத்தில் எழுந்தார். இறங்கப் போகிறார் என்று பார்த்தால்... இல்லை. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை நின்றே வந்தார்!

எனக்குக் கோபம் வரவில்லை. பழகிவிட்டது. “ஐயா, இது நீங்கள் நினைக்கிற பெருவியாதி அல்ல, குஷ்டம் அல்ல. வெறும் கரப்பான். டாக்டர்கள் எக்ஸிமா என்பார்கள். யாருக்கும் ஒட்டாது, உட்காருங்கள்” என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பாரா? என் மாமியாரே நம்பவில்லையே!

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் மூக்குக் கண்ணாடியைத் தெரியும். என் ஓட்டைச் சைக்கிளைத் தெரியும். எங்கள் பள்ளிக்கூடத்து மணி சரியாக அடிப்பதில்லை என்பது கூடத் தெரியும். என் கைகளைப் பற்றி மட்டும் இதுவரை நான் எழுதியதில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன். அந்தத் தலைப்பாகைக்காரர் இந்தப் பத்திரிகை வாங்குகிறவராக இருந்தாலும் இருக்கலாம் அல்லவா?

கரப்பான் வராத பாக்கியசாலிகளுக்காகக் கொஞ்சம் விளக்கம். முதலில் விரல் இடுக்கில் ஒரு நமைச்சல். கொசு கடித்தது போலத்தான் இருக்கும். லேசாகச் சொறிவீர்கள். ஆஹா, அந்தச் சுகம்! அந்த ஒரு நிமிஷச் சுகத்துக்குத்தான் அப்புறம் வாரக்கணக்கில் வட்டி கட்ட வேண்டும். இடம் சிவக்கும். ஜவ்வரிசி மாதிரி சின்னச் சின்னக் கொப்புளம் கிளம்பும். அது உடைந்து நீர் கசியும். பிறகு பொருக்குத் தட்டும், காயும், வெடிக்கும், உரியும். அப்பாடா என்று நீங்கள் மூச்சு விடும்போது பக்கத்து விரலில் ஒரு நமைச்சல்...

எனக்கு இது காலேஜ் நாளிலிருந்து உண்டு. வரும், போகும். நானும் அதை அவ்வளவாக லட்சியம் செய்ததில்லை. வாத்தியாருக்கு எந்நேரமும் கையில் சாக்குக்கட்டி. சாக்குத் தூள் தோலின் ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். அதனால்தான் என்று நினைத்துக்கொண்டு கட்டிக்குக் காகிதத்தைச் சுற்றி எழுதுவேன். அவ்வளவுதான் என் வைத்தியம்.

இந்த அலட்சியமெல்லாம் என் பெண் சாரதா பிறக்கிற வரையில்.

என் மனைவி விசாலம் பிரசவத்துக்குப் பிறந்தகம் போயிருந்தாள். பிறந்தகம் என்றதும் கும்பகோணம், திருநெல்வேலி என்று நினைத்துவிடாதீர்கள். தியாகராய நகர்! என் மாமனார் சர்க்கார் உத்தியோகத்தில் ரிடையர் ஆனதும், மனைக்கட்டுப் போட்டு விற்றார்களே, அதில் ஒன்றை வாங்கி வீடு கட்டிக்கொண்டார். தெருவில் வைத்த மரங்கள் ஆள் உயரம் கூட வளராத காலம். மயிலாப்பூரிலிருந்து வேகமாக நடந்தால் ஒரு மணி நேரம். கும்பகோணமாக இருந்தால் ‘தூரம்’ என்று மனசைச் சமாதானப்படுத்தலாம். ஒரு மணி நேர நடையில் இருக்கிற குழந்தைக்கு என்ன சமாதானம் சொல்வது?

ஐப்பசி அடைமழையில் சாரதா பிறந்தாள். பிரசவம் சுலபமாக நடக்கவில்லை. இரண்டு நாள் விசாலம் கஷ்டப்பட்டாள் என்று தகவல் வந்தபோது நான் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, என்னை அறியாமல் கையைச் சொறிந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது. ‘தாயும் சேயும் சௌக்கியம்’ என்று கேட்டபோது உள்ளங்கை இரண்டும் ரணம்.

அது யாருக்கு ஞாபகம்? குடையைக் கூட எடுக்காமல் ஓடினேன்.

வாசலிலேயே என் மாமியார் எதிர்ப்பட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. கையில் சர்க்கரைக் கிண்ணம். வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது.

“ஐயையோ, மாப்பிள்ளே! கையில என்ன இது?”

“கரப்பான், மாமி. அப்பப்போ வரும். பயப்பட ஒண்ணுமில்லை.”

“பயப்படாம எப்படி? உள்ளே இருக்கறது பச்சை உடம்புக்காரி. பக்கத்துல பச்சைக் குழந்தை. கொஞ்சம் ஆறட்டும், மாப்பிள்ளே. ஆறினப்புறம் ஆசை தீரத் தூக்கிக்கோங்கோ. இப்போ அங்கேருந்தே பாருங்கோ.”

சர்க்கரையை என் கையில் போடவில்லை. கிண்ணத்தோடு பக்கத்தில் வைத்தாள்.

கூடத்தின் இந்தக் கோடியில் நான். அந்தக் கோடியில் உள்வாசல் கதவு. விசாலம் துணிச் சுருணையைச் சற்றே தூக்கிக் காட்டினாள். சுருணைக்குள் ஒரு சிவப்பு நெற்றியும் கொஞ்சம் கறுப்பு மயிரும் தெரிந்தன. அதுதான் என் மகள்!

நான் ஏன் சண்டை போடவில்லை என்று நீங்கள் கேட்கலாம். என் மாமியார் பொல்லாதவள் அல்ல. விசாலத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்து, உடம்பெல்லாம் சிரங்கு கிளம்பி, கைக்குழந்தையாகவே போய்விட்டது. யாரோ உறவுக்காரி கையில் படையோடு வந்து தூக்கினாளாம். அதனால்தான் என்று அவள் மனசில் ஊறிவிட்டது. அப்படிப்பட்டவளிடம் ‘இது ஒட்டாது’ என்று வாதாட எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால், ஒட்டாது என்று எனக்கே அப்போது நிச்சயமாகத் தெரியாது.

பதினோராம் நாள் புண்யாகவாசனம். தகப்பன் இல்லாமல் நடக்காதே? கைகளை வெள்ளைத் துணியால் சுற்றிக்கொண்டு மணையில் உட்கார்ந்தேன். சாஸ்திரிகள் தயங்கித் தயங்கித் தர்ப்பையைக் கொடுத்தார். பெயர் வைக்கிற நேரம் வந்தது. குழந்தை விசாலத்தின் மடியில். மாமியாரின் கண் என் கை மேல்.

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, அந்தச் சின்னக் காதில் “சாரதா” என்றேன். மயிர் என் மூச்சில் லேசாக அசைந்தது. பால் வாசனையும் வசம்பு வாசனையும் வந்தன. கன்னம் ஒரு விரற்கடை தூரம். ஒட்டவில்லை, தொடவில்லை. என் மகளை என் மூச்சுதான் முதலில் தொட்டது.

நிமிர்ந்தபோது விசாலம் என்னைப் பார்த்தாள். அத்தனை பேர் நடுவில் என்ன பேச முடியும்? புடைவைத் தலைப்பால் குழந்தையின் காதைத் துடைப்பது போலத் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று தீர்மானம் செய்தேன். இந்தக் கையைச் சுத்தம் செய்து காட்டுகிறேன் பார்!

கார்பாலிக் சோப் வாங்கினேன். ஆஸ்பத்திரிகளில் தரை கழுவுவார்களே, அந்த வாசனை. காலையில் எழுந்ததும் பொறுக்க முடிந்த அளவு சூட்டில் வெந்நீர், சோப், தேங்காய் நார். தேய் தேய் என்று தேய்ப்பேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மறுபடி ஒரு தடவை. தியாகராய நகர் புறப்படுகிற நாளில் புறப்படும்போது இன்னொரு தடவை. மருந்துக் கடைக்காரர் கொடுத்த கந்தகக் களிம்பு ராத்திரிக்கு. அது பட்ட இடம் நெருப்பாக எரியும். எரிந்தால் என்ன, கிருமி சாகிறது என்று பல்லைக் கடித்துக்கொள்வேன். கத்தரிக்காயை விட்டேன். புளியை விட்டேன். காப்பியைக் கூட விட்டேன் என்றால் என் வேகத்தைப் புரிந்துகொள்வீர்கள்.

இவ்வளவும் செய்து, சாயங்காலம் ஆனால் நடக்க ஆரம்பிப்பேன். சைக்கிள் பிடியைப் பிடித்தால் வெடிப்புகளில் ரத்தம் வரும், அதனால் நடைதான். ஆழ்வார்ப்பேட்டை, தேனாம்பேட்டை, மவுண்ட் ரோடைத் தாண்டி... ஆஸ்பத்திரி மாதிரி மணத்துக்கொண்டு மாமனார் வீட்டு வாசலில் போய் நிற்பேன். மாமியார் முதலில் என் முகத்தைப் பார்ப்பாள், பிறகு கையைப் பார்ப்பாள்.

“இன்னும் ஆறலையே, மாப்பிள்ளே...”

அவள் குரலில் நிஜமான வருத்தம் இருக்கும். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம்.

நான் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். மாமனார் பேப்பர் படித்துக்கொண்டு, சட்டசபைச் சமாசாரம் பேசுவார். உள்ளே தூளி ஆடுகிற சத்தம் கேட்கும். கம்பியின் கிறீச், கிறீச். சில நாள் அழுகை. அழுகையிலேயே இது பசி அழுகை, இது தூக்க அழுகை என்று பிரித்துக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டேன். தொடத்தான் முடியாது, காதுக்குத் தடையில்லையே!

புறப்படும்போது விசாலம் உள்வாசலுக்கு வருவாள். அன்றைய செய்தியை அவசர அவசரமாகச் சொல்வாள்.

“இன்னிக்குச் சிரிச்சுது, தெரியுமா? தூக்கத்துல இல்லே. நன்னா முழிச்சுண்டு, என்னைப் பாத்துச் சிரிச்சுது.”

“எனக்கு ஒரு தடவை காட்டச் சொல்லேன்.”

“இப்போதான் தூங்கித்து.”

என்னமோ தெரியவில்லை, நான் புறப்படுகிற நேரமெல்லாம் அது தூங்கிக்கொண்டே இருக்கும். சிரித்தது, குப்புறக் கவிழப் பார்த்தது, தன் கையையே வியந்து வியந்து பார்த்தது, எல்லாம் எனக்குச் சமாசாரமாகத்தான் வந்து சேர்ந்தது. சட்டசபைச் சமாசாரம் மாதிரி!

தை பிறந்தது. கை ஆறவில்லை. சொல்லப் போனால் மணிக்கட்டுக்கு மேலும் ஏறிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஆரோக்கியசாமியைப் பார்த்தேன். காலேஜில் என்னோடு இன்டர்மீடியட் படித்தவன். சாந்தோம் குப்பத்துப் பிள்ளை. தகப்பனார் கட்டுமரத்தில் போகிறவர், தாயார் கூடையில் மீன் விற்கிறவர். அவன் டாக்டருக்குப் படித்து, வெளியூரிலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, சாந்தோமிலேயே கடற்கரைப் பக்கமாக ஒரு டிஸ்பென்சரி வைத்திருந்தான். ஊரிலே நாலு பேரிடம் இங்கிலீஷில் விளாசுவான். என்னைப் பார்த்தால் மட்டும் குப்பத்துப் பாஷை வந்துவிடும்.

“இன்னா ஐயரே! கையை இன்னா பண்ணி வச்சுகினு கீறே?”

சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். என் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உறை இல்லை, துணி இல்லை, வெறும் கை. அந்தச் சில மாதங்களில் இன்னொரு மனிதர் என் கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. நல்ல வேளை, வெளியே அலைச் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“எத்தால கழுவறே?”

“கார்பாலிக் சோப். வெந்நீர். நார் போட்டு.”

“நாரா!” என்றான். “எத்தினி தபா?”

“ரெண்டு வேளை. தியாகராய நகர் போற அன்னிக்கு இன்னொரு வேளை.”

“அது எதுக்கு?”

“சுத்தமா இருந்தா குழந்தையைத் தூக்க விடுவாளோன்னுதான்...”

சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. என் கையை விடவும் இல்லை.

“தே பாரு நைனா. இது அழுக்கால வர்றது இல்லே. உன் தோலு நோஞ்சான் தோலு. அதுல கீற எண்ணெயை நீயே சோப்புப் போட்டு உரிச்சு எட்த்துடறே. மேல கந்தகம் வேற. அது ஆறணும்னு பாக்குது, நீ வுட மாட்டேன்றே. புள்ளையைத் தொடணும், தொடணும்னு தேச்சுத் தேச்சே நீ புள்ளையைத் தொட முடியாம பண்ணிகினு கீறே.”

இதைக் கேட்டு எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. எந்த ஆசை என்னைத் தினமும் கிணற்றடிக்கு இழுத்துப் போயிற்றோ, அந்த ஆசையே என் கையைத் தின்றுகொண்டிருந்தது!

“சரி, இது எப்போ போகும்? அதைச் சொல்லு” என்றேன்.

“எப்போ போவும்னு கேக்காதே. இந்தத் தபா எப்போ அடங்கும்னு கேளு. ஒயுங்கா பாத்துகினா ரெண்டு மூணு வாரம். சொறிஞ்சுகினு, தேச்சுகினு, கண்டதைப் பூசிகினு இருந்தா மாசக்கணக்கா இழுக்கும். அடங்கினாலும் அப்பால திரும்ப வரும். சில பேருக்கு வருசக்கணக்கா வராமயே இருக்கும். சில பேருக்குக் குளிர் வந்தா வரும், வேர்த்தா வரும், மனசு கெட்டா வரும். உனக்கு எத்தால வருதுன்னு நீதான் பாத்துகினே இருக்கணும்.”

“குழந்தைக்கு ஒட்டுமா?”

“ஒட்டாது. சீழ் வச்சா, ஜொரம் வந்தா உடனே எங்கிட்ட வா. அது வேற கதை. இது ஒட்டாது. உன் கையைப் பிடிச்சுகினுதானே பேசறேன்? எனக்கும் வூட்ல புள்ளைங்க கீது.”

அவன் சொன்ன வைத்தியத்தில் பாதி, செய்யாதே என்பதுதான். சோப் கிடையாது. வெந்நீர் கிடையாது. நார்... அதை அவனே என் வீட்டுக்கு வந்து அடுப்பில் போடுவதாகச் சொன்னான். பச்சைத் தண்ணீரில் பயத்தமாவு போட்டு மெல்லக் கழுவ வேண்டும். தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும். ஈரம் முழுக்கக் காய்வதற்குள் தேங்காயெண்ணெய். அந்த ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கிற பூட்டு அதுதானாம். நீர் கசிகிற இடத்துக்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் நனைத்த மல் துணி. ராத்திரி ஜிங்க் ஆயின்மெண்ட், அதற்கு மேல் நூல் உறை. நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். நமைச்சல் எடுத்தால் சொறியாமல் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். “ரோஷம் வந்தவன் அடிக்காம கையைப் பிடிச்சுக்கறான் இல்லே, அத்த மாதிரி” என்றான்.

காப்பி குடிக்கலாமா என்று கேட்டேன். “குடி. அதை வுட்டு மூஞ்சி எப்படி ஆயிடுச்சு பாரு” என்றான்.

உறையை விசாலம் தைத்தாள். அங்கே இருந்த என் பழைய வேஷ்டியைக் கிழித்து, அளவு கூடக் கேட்காமல், அவ்வளவு சரியாக! மாமனார் வந்து கொடுத்துவிட்டுப் போனார். கையில் மாட்டிக்கொண்டபோது ஒவ்வொரு விரலாக அவளே பிடித்தது மாதிரி இருந்தது.

நம்பினால் நம்புங்கள், ஒரு வாரத்தில் கசிவு நின்றது. அடுத்த வாரம் சிவப்பு மங்கியது. மூன்றாவது வாரத்தில் விரலை மடக்கி நீட்டினால் வலிக்கவில்லை. புதுத் தோல் வெங்காயச் சருகு மாதிரி மினுமினுத்தது. ஓடினேன் தியாகராய நகருக்கு. மாமியார் என் இரண்டு கைகளையும் விளக்கடியில் பார்த்தாள். அவள் முகத்தில்தான் எத்தனை சந்தோஷம்!

“வெள்ளிக்கிழமை நாள் நன்னா இருக்கு, மாப்பிள்ளே. ஆத்துக்குக் காத்தாலேயே வந்துடுங்கோ. குழந்தையைக் குளிப்பாட்டி, பொட்டு வச்சுத் தரேன், தூக்கிக்கோங்கோ.”

பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். வெள்ளிக்கிழமை விடிந்தது. குளித்துவிட்டு வேஷ்டி கட்டும்போது வலது கையில், சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில்... ஒரு நமைச்சல். பார்த்தேன். ஜவ்வரிசி.

ஏன் வந்தது? தெரியாது. சந்தோஷத்தால் வருமோ? அதை ஆரோக்கியசாமி சொல்லவில்லையே!

விரலை மூடிக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்த அம்மாளை ஏமாற்றிக் குழந்தையை வாங்கிக்கொள்ள மனம் ஒப்பவில்லை. கூடத்தில் போய் நின்றதும் நானே கையை விரித்துக் காட்டினேன்.

மாமியாரின் முகம் வாடிப் போயிற்று. “அடடா... இன்னும் ஒரு பட்சம் போகட்டுமே, மாப்பிள்ளே” என்றாள். எதிர்பார்த்ததுதான். “சரி, மாமி” என்றேன். அங்கவஸ்திரத்தைத் தோளில் சரிசெய்துகொண்டு திரும்பினேன்.

“இருங்கோ” என்று ஒரு குரல்.

விசாலம். குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, உள்வாசல் தாண்டி, கூடத்துக்கு நடுவில் வந்து நின்றாள். தகப்பனார் எதிரில் என்னோடு அவள் அதுவரை உரக்கப் பேசினதே இல்லை.

“அம்மா, டாக்டர் ஒட்டாதுன்னு சொல்லியிருக்காராம்.”

“டாக்டருக்கென்ன, சொல்லுவர். நான் ஒண்ணைப் பறிகொடுத்தவடீ.”

“தெரியும்மா. ஆனா ஒட்டறதா இருந்தா எனக்குன்னா மொதல்ல ஒட்டியிருக்கணும்? கல்யாணம் ஆன நாளா இந்தக் கையோடதானே நான் குடித்தனம் பண்ணிண்டிருக்கேன்?”

மாமனார் பேப்பரை மெதுவாக உயர்த்தித் தன் முகத்தை முழுவதும் மறைத்துக்கொண்டார். விசாலத்தின் காது மடல் குங்குமமாகச் சிவந்திருந்தது. ஆனாலும் அவள் பின்வாங்கவில்லை. தன் ஒரு கையைத் தாயாரிடம் நீட்டினாள்.

“பாரு. நீயே பாத்துக்கோ.”

மாமியார் பார்த்தாள். மகளின் கையைப் பிடித்து, உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு எல்லாம் தடவித் தடவிப் பார்த்தாள். எத்தனை வருஷத்துப் பயம் அது! சுலபத்தில் இறங்குமா? கையை விட்டுவிட்டு உள்ளே போனாள். போயே விட்டாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் வெளுத்து மடித்த ஒரு மல் துணி இருந்தது.

“கையில வேண்டாம், மாப்பிள்ளே. எனக்கு இன்னும் மனசு அடிச்சுக்கறது. தோள்ல போடறேன்.”

துணியை என் தோளில் விரித்தாள். விசாலத்திடமிருந்து குழந்தையை வாங்கி, அவளே என் தோளில் சாய்த்தாள்.

கைகளை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. போலீஸ்காரனிடம் அகப்பட்டவன் மாதிரி இரண்டையும் அகல விரித்துக்கொண்டு நின்றேன். கழுத்தோரத்தில் ஒரு சூடு. ஈரமாக ஒரு வாய். இவ்வளவு கனமா? என் மனசில் இருந்தது அந்தத் துணிச் சுருணைதான். இது ஒரு முழு ஆள்! தலையை நிமிர்த்தி என் முகத்தை உற்றுப் பார்த்தது. கழுத்து நின்றுவிட்டது. எப்போது நின்றது? அந்தச் சமாசாரத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லையே...

பிறகு என் காதைப் பிடித்து இழுத்தது. ‘யாரடா நீ?’ என்று கேட்பது போல. நான் அழுதேனா என்று விசாலத்தைக் கேட்டால் இன்றைக்கும் சொல்ல மாட்டாள்.

மாசியில் இரண்டு பேரும் மயிலாப்பூர் வந்து சேர்ந்தார்கள். கரப்பான் அப்புறம் எத்தனையோ தடவை வந்தது, போயிற்று. பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதத்தில் வரும். மார்கழிக் குளிரில் வரும். வந்தால் இப்போது பதறுவதில்லை. பயத்தமாவு, எண்ணெய், உறை என்று ஆரம்பித்துவிடுவேன். இரண்டு வாரம், மிஞ்சினால் மூன்று. நாலு வயதில் சாரதாவுக்கும் முழங்கால் மடிப்பில் கொஞ்சம் கிளம்பியது. என் மாமியார் என்ன சொல்வாளோ என்று நடுங்கினேன். இது தொட்டு வருவதல்ல, சில வீடுகளில் ரத்தத்தோடு வருவது என்று ஆரோக்கியசாமி வந்து விளக்கினான். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டாள். குழந்தைக்கு இரண்டு வேளையும் எண்ணெய் தடவியது அவள்தான். இப்போது தியாகராய நகரில் யார் வீட்டுக் குழந்தைக்குத் தோலில் தடிப்பு வந்தாலும், “சோப்பே போடப்படாது, கேட்டேளா?” என்று போய்ச் சொல்லிவிட்டு வருகிறாள்!

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். கரப்பான் போனால் திரும்பி வருகிறது. ஐப்பசி முதல் தை வரை ஒரு கூடத்துக்கு அந்தப் பக்கம் வளர்ந்ததே அந்தக் குழந்தை, அது போனது போனதுதான். அவளுடைய முதல் சிரிப்பை நான் பார்த்ததில்லை. தெருவில் யாராவது பச்சைக் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துப் போனால் இன்றும் என் கால் நின்றுவிடுகிறது. எட்டிப் பார்க்கிறேன். என் மகளைத் தேடுகிறேன் என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

சென்ற ஞாயிறு சாரதாவோடு அடையாற்று முகத்துவாரம் வரையில் நடந்தேன். பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகள் இரண்டு பேரும் கூட வந்தார்கள். மணலில் கால் புதைகிறதே என்று கையை நீட்டினேன். “நானே வரேன், அப்பா!” என்று சொல்லிவிட்டுச் சிநேகிதிகளோடு அலையைப் பார்த்து ஓடிவிட்டாள்.

கை இப்போது நன்றாகத்தான் இருக்கிறது. பிடித்துக்கொள்ளத்தான் அவளுக்கு நேரமில்லை.